மூன்று பேருக்கான வீடு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நாற்காலி முளைத்தது. எனக்கு மட்டும் முளைக்கவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தது என் மகள் யாழிசை. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தவள், "அம்மா, உன்ற சேர் எங்க?" என்றாள்.

"எனக்கெதுக்குக் கண்ணு சேரு? நானென்ன உக்காந்தா இருக்கறேன்?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் நெய் ஊற்றினேன். அரிசிம்பருப்புச் சோறு ஆறிப்போனால் நெய் ஊற்றியும் பிரயோஜனமில்லை.

முளைத்தது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தரையிலிருந்து முளைத்தது. நாங்கள் குடிவந்த புதிதில், என் மாமனார் மயில்சாமி பாய் போட்டு உட்காரும் இடத்தில் தரை லேசாகப் புடைத்தது. கொஞ்ச நாளில் முழங்கால் உயரம் வந்து, முதுகுக்குச் சாய்வும் கைக்குத் தாங்கலும் விட்டு, சந்தன நிறத்தில் ஒரு நாற்காலியாக நின்றது. அவருக்கு இடுப்பில் இடது பக்கம் எலும்புத் தேய்மானம். நாற்காலியும் இடது பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. "கோணல் இடுப்புக்குக் கோணல் சேரு. எந்த ஆசாரி செஞ்சு குடுப்பான்?" என்று தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே அப்படிப்பட்ட வீடுகள் ஒரு வரிசை கட்டியிருந்தார்கள். விண்ணப்பம் போட்டவர்களில் குலுக்கிப் போட்டு எங்களுக்கு ஒன்று விழுந்தது. இதையெல்லாம் யோசித்து வரைந்தவள் ஜெசிந்தா என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது. குடிவந்த அன்று வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாள்.

"மண்ணுக்குள்ள காளானுக்கு நூல் நூலா வேர் மாதிரி ஓடும் பாத்திருக்கீங்களா அக்கா? அந்த நூலையும் தேங்காய் நார்க் கழிவையும் சேர்த்து வளர்த்ததுதான் இந்த வீடு. தரைக்கு அடியில ஒரு பாத்தி இருக்கு. உங்களுக்கு எது வேணுமோ அதைப் பாத்தி வளர்த்துக் கொடுக்கும். தேவை முடிஞ்சா திரும்ப உள்ள இழுத்துக்கும். வாங்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்."

"எனக்கு என்ன வேணும்னு அதுக்கெப்படித் தெரியும்? கேமரா ஏதும் வெச்சிருக்கீங்களா?" என்றார் என் கணவர் சம்பத். பம்பு கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். எதையும் சந்தேகப்படுவது அவர் தொழில்.

"கேமரா கிடையாதுங்க. பாரம், சூடு, நடை, அவ்வளவுதான். எங்க உக்கார்றீங்க, எதில சாயறீங்க, எதை எடுத்துக்கறீங்க. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாதில்ல?"

"காடு கழனி எல்லாம் வித்துப்போட்டு, கடைசியில காளான் மேல படுக்கோணும்னு எழுதியிருக்குது," என்றார் மாமனார்.

வாசல்நிலைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருந்தார்கள். இத்தனை பேர் இந்த வீட்டில் வாழ்கிறார்கள் என்று வீடே கணக்குப் பார்த்து அதில் காட்டும். எத்தனை பேருக்கு வளர்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிய வேண்டுமே. குடிவந்த மாதம் முடிந்தபோது அதில் 3 என்று வந்தது. நாங்கள் நாலு பேர். "இவ்வளவு பெரிய படிப்புப் படிச்சுட்டு நாலு வரைக்கும் எண்ணத் தெரியலையே," என்று நான்தான் கேலி செய்தேன்.

கழுவுதொட்டிக்கு அடியில் வீட்டுக்கு வாய் இருந்தது. காய்த்தோல், சோறு வடித்த கஞ்சி, மிஞ்சிய குழம்பு எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். அதுதான் வீட்டுக்கு உரம். நான் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தேன். எருமைக்குக் கழனித் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான், காலையும் மாலையும் ஊற்றுவேன். ஊற்றியதும் சுவருக்குள் ஒரு முனகல் கேட்கும், மழை பெய்து ஓய்ந்த மண்வாசனை எழும். சில நாள் என் பங்கு சோறு அதிகமாகத் தெரிந்தால் அதிலும் ஒரு கை அள்ளிப் போடுவேன். வாயில்லா ஜீவன், பாவம்.

ஆறு மாதத்தில் வீடு நிறைந்துவிட்டது. யாழிசை பத்தாவது படித்தாள். அவளுடைய படிப்பு மேசை அவள் வளர வளரத் தானும் வளர்ந்தது. அவள் இடக்கைக்காரி என்பதால் விளக்குமாடம் வலது பக்கம் முளைத்தது. கணவருக்கு வண்டிச்சாவி வைக்க வாசல் சுவரில் ஒரு சிறு மாடப்பிறை வந்தது. அவர் எங்கே வைத்தோம் என்று தேடாத வீடு எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான்.

எனக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால்தானே அதிசயம். என் பெயர் கோகிலவாணி. காலையில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. நான் உட்காருவது அங்கேதான். அதற்குத்தான் அங்கே சம்பளமே தருகிறார்கள். வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு, அடுக்களைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடி, சோறு வடித்த குண்டாவிலேயே குழம்பை ஊற்றிப் பிசைந்து உண்டுவிடுவேன். ஒரு தட்டு மிச்சம், கழுவும் வேலை மிச்சம். கணவரின் குறட்டை பலமாக இருந்தால் கூடத்தில் பாய் போட்டுக்கொள்வேன், யாழிசைக்குப் பரீட்சை என்றால் அவள் கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொள்வேன். என் சேலைகள் அவள் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. இதில் எதுவும் எனக்குக் குறையாகப் பட்டதில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பட்டுச்சேலை காணாமல் போனபோதுதான் எனக்கு முதல்முறையாக ஆத்திரம் வந்தது.

என் கல்யாணக் கூறைப்பட்டு. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. யாழிசைக்கு என்று எடுத்து வைத்திருந்தேன், நான் கட்டுவதில்லை. அலமாரியின் அடித்தட்டில் கைவிட்டால் சேலை இல்லை. ஜரிகை மட்டும் சுருட்டிப் போட்ட கம்பியாக ஒரு மூலையில் கிடந்தது. வீடு முழுக்கத் தேடிவிட்டு கூடத்துக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையருகே யாழிசையின் நாற்காலி முதுகைப் பார்த்தேன். சந்தன நிறத்துக்கு நடுவே அரக்கு ஏறியிருந்தது. ஓரத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு கோடு.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "பட்டு, பருத்தி, மரம், இதெல்லாம் ரொம்ப நாளா யாரும் தொடாம கிடந்தா வீடு எடுத்துக்கும் அக்கா. இரும்புப் பெட்டியில வைங்கன்னு சொல்லியிருந்தேனே. ஆனா ஒண்ணு. ஆள் அடிக்கடி புழங்குற அலமாரியில அது கை வைக்காது. அது உங்க அலமாரி இல்லையா?"

"என் மகளோடது."

"உங்களோடது எங்க?"

நான் மூலையில் கிடந்த ஜரிகையைக் கையில் எடுத்தேன். "அக்கா, தயவுசெஞ்சு கொஞ்சம் உக்காருங்க. ஒரே இடத்துல உக்காருங்க. ஒரே இடத்துல படுங்க. அப்பதான் நீங்க இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியும்," என்றாள்.

அன்று மாலையே அறிவித்துவிட்டேன். "இன்னிலிருந்து நானும் உங்ககூட உக்காந்து உண்ணப்போறேன்." எல்லாவற்றையும் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். எனக்கும் ஒரு தட்டு. நாற்காலி இல்லாததால் காலி இடத்தில் ஒரு பெயிண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ரசத்துக்குக் கரண்டி காணோமே அம்மிணி," என்றார் மாமனார். எழுந்து எடுத்துவந்தேன். உட்கார்ந்தேன். "அப்பளம் இருக்குதா?" என்றார் கணவர். எழுந்தேன். யாழிசைக்குப் புரை ஏறியது, தண்ணீருக்கு எழுந்தேன். யாரும் என்னை அதட்டவில்லை, வேலை வாங்கவுமில்லை. அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் என் கால் தானாக எழுந்துகொள்கிறது. சிலசமயம் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே. உண்டு முடித்து எல்லோரும் போன பிறகு பார்த்தால் என் தட்டில் பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய இடத்தில் சுவரில் சாய்ந்து நின்று உண்டேன். அப்பாடா என்றிருந்தது.

இப்படியே ஒரு மாதம் முயன்றேன். வாளிக்கு அடியில் தரை அசையவே இல்லை.

ஆனால் அடுக்களையில் வேறொன்று முளைத்தது.

முளைத்தது என்பதும் சரியில்லை. குழிந்தது. அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவில் நான் சாய்ந்து நிற்கும் சுவர், கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கியிருந்தது. முதலில் ஈரம் கோத்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் விளக்கிவிட்டு அசதியில் சாய்ந்தபோது, என் பின்தலை ஒரு பள்ளத்தில் போய் அமர்ந்தது. தோள்கள் இரண்டு பள்ளத்தில். இடுப்பு அதனுடைய பள்ளத்தில். முழங்காலுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு திண்டு. நின்றபடி படுத்துக்கொண்டது போல இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, சுகத்தில். பத்து வருடமாக இருந்த முதுகுவலி அந்த நிமிடம் கழன்று போனது. எனக்கென்று, என் முதுகை அளவெடுத்து, இந்த உலகத்தில் யாரும் எதையும் செய்ததில்லை. சுவர் என் உடம்புச் சூட்டில் இருந்தது. உள்ளே ஏதோ மெல்ல ஊர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு சமயம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய் நின்றேன். குக்கர் விசில் வரும்வரை. பால் பொங்கும்வரை. பிறகு எதற்கென்று இல்லாமலும். ஒருநாள் யாழிசை வந்து என் கையைப் பிடித்து உலுக்கினாள். "எத்தனை தடவம்மா கூப்பிடறது? கண்ணத் தொறந்துட்டேதான் நிக்கற," என்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. நான் விலகி வந்தபோது என் ரவிக்கை முதுகிலிருந்து சுவருக்கு வெள்ளையாக நூல்கள் நீண்டன. வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுமே, அதுபோல இழுபட்டு அறுந்தன. யாழிசை அதைப் பார்த்துவிட்டு உடனே ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள்.

ஜெசிந்தா மறுநாளே வந்தாள். குழிவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். உள்ளே கைவைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்காக வளர்ந்த சாமான் இல்லக்கா," என்றாள்.

"பின்ன? என் அளவுக்குத்தான் இருக்குது."

"நாற்காலின்னா வெளியில நிக்கும். ஆள் வந்து உக்காருவாங்க, எந்திரிச்சுப் போவாங்க. இது தூணை நிறுத்துற குழி மாதிரி. இதே வீட்டுல கூரைத் தூண் நிக்கிற இடத்தை வெட்டிப் பாத்தா இப்படித்தான் இருக்கும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாங்க இதுக்குச் சொல்லிக் குடுத்தது ரெண்டே வகைதான். எடுத்துக்கறவங்க, குடுக்கறது. எடுத்துக்கறவங்க மனுசங்க. அவங்களுக்காக வீடு வளரணும். குடுக்கறதெல்லாம் வீட்டோட சேர்ந்தது. பாத்தி, குழாய், தூண். அதுகளை வீடு பத்திரமா பிடிச்சு வெச்சுக்கணும். நீங்க இந்த வீட்டுல இருந்து எதையும் எடுத்துக்கிட்டதே இல்லக்கா. குடுத்துக்கிட்டேதான் இருந்திருக்கீங்க. உங்க சோத்தைக்கூட."

"அதுக்காக மனுசியத் தூணுன்னு நெனச்சுக்குமா?"

"நடை, சூடு, பாரம். அதுக்கு மனுசி தெரியாது."

என் கணவர் நம்பவில்லை. ஜெசிந்தா தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். முதன்முதலில் சோதித்துப் பார்த்த வீட்டில் ஒரு காவல் நாய் இருந்ததாம். ராப்பகலாக வாசலிலேயே கிடக்குமாம். வெளியே போட்டதைத் தின்னும், உள்ளே வந்து எதையும் எடுத்துக்கொள்ளாதாம். ஒருநாள் அதைக் காணவில்லை என்று தேடியபோது வாசல் சுவரின் அடியில் மூச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது. பாதி உடம்பு சுவருக்குள். கூப்பிட்டால் காதை அசைத்ததாம், வெளியே வரவில்லையாம். சுவரை வெட்டி எடுத்தார்கள். எடுத்த பிறகு அது பிழைக்கவில்லை.

"வலியில கத்துச்சா?" என்று யாழிசை கேட்டாள்.

"இல்ல. வாலை ஆட்டுச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

அந்த நாயை எனக்குப் புரிந்தது.

"இந்தச் சனியனை அணைச்சுப் போடு," என்றார் என் கணவர்.

"செடியை எப்படிங்க அணைக்கறது? வெட்டலாம். வெட்டினா கூரையும் சேர்ந்துதான் இறங்கும். வேற வீடு பாத்துப் போறதா இருந்தா நானே ஏற்பாடு செய்யறேன்."

மாமனார் தன் நாற்காலியின் கைத்தாங்கலைத் தடவிக்கொண்டே, "இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு இனி எந்த வீட்டுக்குப் போறது? நாய்க்கு ஆனது மனுசனுக்கு ஆகுமாக்கும்," என்றார்.

"அப்படின்னா ஒரே வழிதான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா. "அக்கா எடுத்துக்கப் பழகணும். உக்காந்த இடத்துக்குச் சாப்பாடு வரணும். தண்ணி வரணும். ஒரு வேளைகூட எந்திரிக்கக் கூடாது. இவங்களும் எடுத்துக்கறவங்கதான்னு அதுக்குப் புரிஞ்சா இந்தக் குழி தானா மூடிக்கும். வாசல் கண்ணாடியில நாலுன்னு வரும். அது வரைக்கும் அடுக்களைப் பக்கமே போகாதீங்க."

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதை எனக்குச் சொல்ல ஒரு சுவர் வேண்டியிருந்தது.

மறுநாள் கணவர்தான் சமைத்துப் பரிமாறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வந்து நின்ற தோரணையைப் பார்த்தால் கல்யாணப் பந்தியில் நிற்கிறார் என்றே நினைப்பீர்கள். ரசத்தை மேசையில் பாதி, தட்டில் பாதி ஊற்றினார். நான் எழாமலிருக்க யாழிசை என் மடியைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் உண்டேன்.

ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு அவருக்கு ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் வேலை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் காதில் போனோடுதான் இருந்தார். ஒருநாள் மத்தியானம் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யாரிடமோ பேசிக்கொண்டே நிற்க, யாழிசை அதை வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

"உனக்குப் பரீட்சை வருது கண்ணு," என்றேன்.

"அதெல்லாம் படிச்சுக்குவேன். நீ உக்காரும்மா. உக்காந்தாத்தான் உனக்கு நல்லாகும்."

எனக்கு மனசு உறுத்தியது. மாமனாரிடம் சொன்னேன். "கோழி மிதிச்சுக் குஞ்சு செத்துப்போகுமா அம்மிணி? பொம்பளப் புள்ள, நாலு வேல பழகட்டும்," என்றார். அவர் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார். நானும் சமாதானமாகிவிட்டேன்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெயிண்டு வாளிக்கு அடியில் ஒருநாள் தரை புடைத்தது. நான் வாளியை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் புடைப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அது என்னைத் தாங்கியபடியே வளர்ந்தது. சாய்வு வந்தது, கைத்தாங்கல் வந்தது. என் வலது முழங்காலுக்கு முட்டுக்கொடுக்க ஒரு சிறு திண்டுகூட வந்தது. அது சன்னலைப் பார்த்த நாற்காலி. தென்னைமரங்கள் தெரிந்தன. சூடான சோற்றை, சூடாக இருக்கும்போதே, உட்கார்ந்து, அவசரமில்லாமல் உண்டால் என்ன ருசி என்று நாற்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். கொள்ளு ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கேட்கவே வேண்டியிருக்கவில்லை, நினைத்தவுடன் பக்கத்தில் வந்து நின்றது.

குழிவும் மூடிக்கொண்டு வந்தது. நான் அடுக்களைக்குள் போகாமல் நிலைப்படியில் நின்று எட்டிப்பார்ப்பேன். முதலில் தலைப்பள்ளம் கீழே இறங்கியிருந்தது. அடுத்த வாரம் தோளகலம் குறைந்திருந்தது. பின்னும் கொஞ்ச நாளில் இடுப்புப் பள்ளம் குறுகிவிட்டது. இனி நான் நினைத்தாலும் அதற்குள் பொருந்த முடியாது. ஜெசிந்தாவிடம் போனில் சொன்னேன். "நல்ல சேதிக்கா," என்று அவள் பெருமூச்சு விட்டது கேட்டது.

ஆடிப் பதினெட்டன்று ஜெசிந்தா மறுபடி போன் செய்தாள். பெருக்குக்கு என்று கலந்த சோறெல்லாம் செய்திருந்தோம். செய்திருந்தோம் என்றால், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பக்குவம் சொல்ல, யாழிசை செய்திருந்தாள். தேங்காய்ச் சோற்றில் உப்பு ஒரு கல் குறையாமல் இருந்தது.

"இன்னேரம் நாலு வந்திருக்கணுமே அக்கா. கண்ணாடியில பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. உட்கார்ந்து பழகியவளுக்கு எழுந்து போய் எதையும் பார்க்கத் தோன்றுவதில்லை. போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனேன்.

கண்ணாடியில் 3 என்று இருந்தது.

"மூணுதான் இருக்குது," என்றேன்.

"உங்க நாற்காலி நல்லாத்தானே வளந்திருக்கு?"

"நல்லா வளந்திருக்குது. கைத்தாங்கலெல்லாம் வந்தாச்சு. குழிகூட மூடிட்டு வருது, சொன்னேனே."

"மூடுதா, இல்ல சின்னதாகுதா அக்கா?" என்று கேட்டாள்.

நான் திரும்பிக் கூடத்தைப் பார்த்தேன். மாமனார் அவர் நாற்காலியில். கணவர் அவர் நாற்காலியில், வாழையிலையை வழித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் என் நாற்காலி. யாழிசையின் நாற்காலி நின்ற நாலாவது இடத்தில் தரை வழவழவென்று, மெழுகிவிட்டது போல இருந்தது. நடுவில் மட்டும் அரக்கு நிறத்தில் ஒரு திட்டு. ஓரத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு கோடு.

அடுக்களைக்கு ஓடினேன். யாழிசை அந்தக் குழிவில் நின்றிருந்தாள். பின்தலை பள்ளத்தில், தோள்கள் பள்ளத்தில், இடுப்பு பள்ளத்தில். ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. கையில் சோற்றுக் குண்டா. அதிலேயே குழம்பை ஊற்றிப் பிசைந்திருந்தாள்.

"யாழி," என்றேன். "உன்ற சேர் எங்க?"

அவள் சிரித்தாள். நல்ல நிம்மதியான சிரிப்பு. "எனக்கெதுக்கும்மா சேரு? நானென்ன உக்காந்தா இருக்கறேன்?"

அவளைப் பிடித்து இழுத்தேன். பின்னங்கழுத்திலும் முதுகிலும் நூல்கள் நீண்டன. முன்பு என் ரவிக்கையில் இருந்தவற்றைவிடத் தடியான நூல்கள். கையாலேயே அறுத்தேன். அவள் "வலிக்குதும்மா," என்றாள், தூக்கத்திலிருந்து எழுப்பிய குழந்தை மாதிரி. குண்டா கீழே விழுந்து சோறு சிதறியது. கழுவுதொட்டிக்கு அடியில் வீடு முனகியது.

கூடத்திலிருந்து என் கணவர், "மோர் என்னாச்சு?" என்றார்.

அவள் கால் நகர்ந்தது. என் காலும் நகர்ந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்து எடுத்துக்குங்க," என்றேன்.

கூடத்தில் மாமனார் தொண்டையைச் செருமினார். யாரோ எழுந்து வரும் காலடிச் சத்தத்துக்காக நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். யாழிசையின் கை என் பிடிக்குள் இழுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் இளஞ்சூடாக ஏதோ பட்டது, திரும்பிப் பார்த்தேன். சுவரின் குழிவு மெதுவாக அகலமாகிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு.